அக்கா, இங்கே ஒரு கையெழுத்து…

சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்து முப்பத்தைந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. அந்தப் பங்கு ஏன் இன்னும் பெண்களின் கைக்கு வந்து சேரவில்லை?

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பல வீடுகளில் அந்தப் பேச்சு வந்துவிடும். வாசலில் பந்தல்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார். உள்ளே பெரியவர் ஒருவர், சித்தப்பாவோ தாய்மாமனோ, மெல்ல ஆரம்பிப்பார். "பொண்ணுங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் அவர் இருக்கும்போதே செஞ்சு முடிச்சுட்டார். ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போனாங்கன்னா, பசங்க பேருக்குப் பட்டா மாத்திக்கலாம்." அக்காளும் தங்கையும் தலையாட்டுவார்கள். அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவின் முன்னால் வேறெதுவும் பேச வாய் வராது.

அந்தக் கையெழுத்து விழுகிற காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியிருக்கிற எந்த ஆவண எழுத்தரிடமும் அதன் மாதிரி கணினியில் தயாராக இருக்கும். பெயர், கதவு எண், சர்வே எண் மாற்றினால் போதும். எழுதி வாங்குபவர் தம்பி. எழுதிக் கொடுப்பவர் அக்காள். சொத்தில் தனக்குள்ள பிரிவுபடாத பாகத்தை, தம்பியின் மேலுள்ள பிரியத்தையும் அபிமானத்தையும் முன்னிட்டு, எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல், முழு மனதோடு விட்டுக்கொடுப்பதாக அக்காள் எழுதித் தருகிறாள். இனிமேல் அந்தச் சொத்தில் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்றும் அதில் வரும். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம்: இத்தனை ஏக்கர் இத்தனை சென்ட் நஞ்சை, வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை. சின்ன வயதில் அவள் நாற்றுக்கட்டு சுமந்து போன வரப்பு அந்த நான்கெல்லைக்குள்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. கேமரா முன் ஒரு நிமிடம் முகம். கருவியில் விரல். "எழுதிக் கொடுத்தது நீங்கதானே?" என்று அதிகாரி கேட்கிறார். "ஆமாங்க." வேலை முடிந்தது. கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான், அதை அவர் ஒப்புக்கொள்கிறார் என்று பார்ப்பதோடு பதிவு அதிகாரியின் கடமை முடிகிறது. அவள் ஏன் போட்டாள் என்று கேட்க அந்த மேசையில் எவரும் இல்லை. தொண்ணூறு ஆண்டுகள் மாநாட்டிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் போராடி வென்ற உரிமை, இப்படிப் பத்து நிமிடத்தில் கைமாறிவிடுகிறது.

செங்கல்பட்டில் தொடங்கியது

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். சொத்தில் ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று பெரியாரும் தோழர்களும் அங்கே தீர்மானம் போட்டார்கள். கணவனை இழந்த இந்துப் பெண்ணுக்கு, ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்கிற அரைகுறை உரிமைகூடச் சட்டப்படி 1937இல்தான் வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மகளுக்கு முழுப்பங்கு கேட்ட தீர்மானம் இது. அந்தக் காலத்தில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

நாடு விடுதலை பெற்ற பிறகு, சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். மகளுக்குப் பங்கு, மணவிலக்கு உரிமை எல்லாம் அதில் இருந்தன. நாடாளுமன்றத்தில் பெரும் எதிர்ப்பு. மசோதா இழுத்தடிக்கப்பட்டதை முக்கியமான காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 1951இல் அவர் பதவி விலகினார். பிறகு அந்தத் தொகுப்பு துண்டு துண்டாக நிறைவேறியது. அதில் ஒரு துண்டுதான் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் சம பங்கு என்று அது சொன்னது. பூர்வீகச் சொத்தில் மட்டும் பழைய முறையே நின்றது. பிறப்பாலேயே பங்கு என்பது ஆண் வாரிசுக்கு மட்டும்.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் அநியாயத்தின் அளவு தெரியும். ஒரு குடும்பத்துக்குப் பூர்வீக நிலம் ஒன்பது ஏக்கர். தகப்பன், இரண்டு மகன்கள், ஒரு மகள். தாய் முன்பே இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தகப்பன் இறந்ததும், அவரும் இரு மகன்களும் ஆளுக்கு மூன்று ஏக்கர் பிரித்துக்கொண்டதாகச் சட்டம் கருதிக்கொள்ளும். அதன் பிறகு தகப்பனின் மூன்று ஏக்கர் மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். ஆக, ஒவ்வொரு மகனுக்கும் நான்கு ஏக்கர், மகளுக்கு ஒரே ஒரு ஏக்கர். வீட்டில் இன்னும் மோசம். குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரித்துக்கொள்ள முன்வந்தால் ஒழிய, மகள் பாகம் கேட்கவே முடியாது என்று அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுத்து வைத்திருந்தது.

1989 என்னும் கோடு

முதலில் கேரளம் கூட்டுக்குடும்ப முறையையே 1975இல் சட்டம் போட்டு ஒழித்தது. மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கும் திருத்தத்தை முதலில் செய்தது என்.டி. ராமராவ் ஆட்சியில் ஆந்திரம். அடுத்தது தமிழ்நாடு. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, கருணாநிதி அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994இல்தான் வந்து சேர்ந்தன. நாட்டுக்கு முன்னோடியான சட்டம் அது. அதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கோடு இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான மகளுக்குப் பங்கு கிடையாது. அந்த ஒரு வரி எத்தனை வீடுகளில் கூடப் பிறந்தவர்களையே இரண்டாகப் பிரித்தது! பெரியவளுக்கு 1988 தை மாதம் கல்யாணம், சின்னவளுக்கு 1990 தையில் கல்யாணம் என்றால், ஒரே தகப்பனின் ஒரே நிலத்தில் சின்னவள் பங்காளி, பெரியவள் விருந்தாளி. பெரும்பாலும் அந்தப் பெரியவள்தான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். வீட்டில் கஷ்டம் அதிகமாக இருந்த காலத்தில் பிறந்தவளை, வசதி வந்த காலத்தில் சட்டம் வெளியே நிறுத்தியது.

2005 செப்டம்பர் 9 அன்று நாடு முழுமைக்குமான மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. மகள் எப்போது கல்யாணம் செய்திருந்தாலும், மகனுக்கு இருப்பது போலவே பிறப்பாலேயே உரிமை. வீட்டைப் பிரிக்கக் கேட்கவிடாமல் தடுத்த 23ஆம் பிரிவும் போயிற்று. மேலே சொன்ன ஒன்பது ஏக்கர் இன்று மூன்று பேருக்கும் மூன்று மூன்று ஏக்கர். குடும்பக் கடனிலும் மகளுக்கு அதே பொறுப்பு உண்டு.

பிறகும் சிக்கல் தீரவில்லை. 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் இன்னொரு அமர்வு, அந்தத் தேதிக்கு முன்பே தகப்பன் இறந்துபோன வழக்கில் மகள்களுக்குப் பங்கு தந்தது. கீழமை நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றுவது? 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு வினீதா சர்மா வழக்கில் முடிவாகச் சொல்லிவிட்டது: உரிமை மகளின் பிறப்பிலிருந்து வருகிறது, தகப்பன் அந்தத் தேதியில் இருந்தாரா இல்லையா என்பது தேவையில்லை. "அதெல்லாம் அப்பவே வாய்ப்பேச்சா பாகம் பிரிச்சாச்சு" என்று அண்ணன்கள் வழக்கமாக எடுக்கிற வாதத்துக்கும் அந்தத் தீர்ப்பு கடிவாளம் போட்டது. பதிவு செய்த பாகப்பிரிவினையோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ வேண்டும். வாய்மொழிப் பாகம் என்றால் அரசு ஆவணங்கள் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும்.

ஆனாலும் ஒரு கூட்டம் இழந்தது இழந்ததுதான். 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளைப் புதிய சட்டம் தொடாது. எண்பதுகளில் கல்யாணமாகிப் போன அக்காமார்கள், அவர்களை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் தொண்ணூறுகளில் பாகம் பிரித்துப் பதிந்திருந்தால், இன்று அறுபது வயதில் கேட்க ஒன்றும் இல்லை.

ஏன் போடுகிறார்கள்?

சட்டம் தெரியாமல் போடுகிறார்கள் என்று நகரத்தில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை வேறு. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் இன்று தெரியும், பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று. கையெழுத்துக் கேட்டு வருவதே அவளிடம் ஏதோ இருக்கிறது என்பதற்குச் சாட்சிதானே. தெரிந்தேதான் போடுகிறார்கள்.

கிராமத்துப் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது சென்ட் கணக்கு மட்டும் அல்ல. மகளுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் வேண்டும். சடங்குக்குச் சீர்வரிசைத் தட்டோடு அவன் வந்து நிற்க வேண்டும். பொங்கலுக்கு ஒரு சேலை, ஒரு கட்டுக் கரும்பு. புருஷன் கைநீட்டினால் ஓடிப்போய் நிற்க ஒரு திண்ணை. நாளைக்கு அவள் செத்தால் கோடித் துணி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். "பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசப்படி ஏற முடியாது" என்று ஊரே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறது. ஆக, அவள் முன்னால் இருக்கிற தேர்வு இதுதான்: ஒன்றரை ஏக்கரா, அண்ணனா? பெரும்பாலான பெண்கள் அண்ணனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முடிவை நான் இழிவாகப் பேச மாட்டேன். கணவன் வீட்டில் தன் பெயரில் ஒன்றும் இல்லாதவளுக்கு, பிறந்த வீட்டு உறவுதான் ஒரே காப்பீடு. அதற்கு அவள் கட்டுகிற தவணைத் தொகைதான் அந்தப் பத்திரம்.

ஆனால் அந்தத் தேர்வை அவள் முன்னால் வைத்தது யார்? அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டால் உறவு முறிந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. வரப்புத் தகராறில் வெட்டுக்குத்து வரை போனவர்கள்கூட அடுத்த கல்யாணத்தில் ஒன்றாக நின்று மொய் எழுதுகிறார்கள். பெண் கேட்டால் மட்டும்தான் அது உறவை அறுக்கிற காரியம் ஆகிறது. பிரியத்தை முன்னிட்டு என்று பத்திரத்தில் எழுதுகிறோம். அதே பிரியத்தை முன்னிட்டு அக்காளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த தம்பிகள் எத்தனை பேர் என்று உங்கள் ஊர் ஆவண எழுத்தரைக் கேட்டுப் பாருங்கள்.

அண்ணன்கள் பக்கமும் சில நியாயங்கள் சொல்லப்படுகின்றன. "கல்யாணத்துக்கு ஐம்பது பவுன் போட்டோம், வண்டி வாங்கிக் கொடுத்தோம், அதுக்கே நிலத்தை அடகு வெச்சோம்." இது பொய் அல்ல. பல குடும்பங்களில் மகள் கல்யாணக் கடனை மகன்தான் அடைத்திருக்கிறான். ஆனால் அந்த நகை யாரிடம் போனது? பெரும்பாலும் கணவன் தொழிலுக்கு, நாத்தனார் கல்யாணத்துக்கு, கூட்டுறவு வங்கி அடகுக்கு. வரதட்சணை கேட்பது 1961 முதல் குற்றம். குற்றமாக வெளியே போன பணத்தை அவளுடைய பங்கில் வரவு வைப்பது எந்தக் கணக்கு? கேட்டவன் மாப்பிள்ளை, கொடுத்தவர் அப்பா, வாங்கி அனுபவித்தவர்கள் மாமியார் வீட்டார். கழிப்பது மட்டும் மகளின் பங்கில்.

"அப்பா அம்மாவைக் கடைசி வரை நாங்கதானே பார்த்தோம்?" இதில் எனக்கு மறுப்பு குறைவு. பார்த்த பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு, கொடுக்கட்டும். ஆனால் "நாங்க பார்த்தோம்" என்பதில் மலச்சட்டி எடுத்தது மருமகள் என்பதையும், மாதம் ஒருமுறை பேருந்து பிடித்து வந்து அம்மாவுக்குத் தலை குளிக்க ஊற்றியது மகள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பெற்றோரைப் பராமரிக்கும் கடமையில் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு வைக்கவில்லை.

கையெழுத்துக்குக்கூட வேலை வைக்காத வழிகளும் இருக்கின்றன. வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போதே கட்டிக்கொடுத்த மகள்களின் பெயரை விட்டுவிடுவது ஒன்று. தகப்பன் படுக்கையில் விழுவதற்கு முன்பே மகன்கள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடுவது இன்னொன்று. இரண்டாவதை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாத நிலை பல நேரங்களில் வரும். தானே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கத் தகப்பனுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை வைத்து மகள்களை விலக்குகிற அப்பாக்கள், கண் நிறைய பாசத்தோடு அவர்களை வளர்த்த அதே அப்பாக்கள்தான்.

நிலம் இல்லாத விவசாயி

இந்தியக் கிராமங்களில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, கதிர் அறுப்பது, மாட்டைப் பார்ப்பது எல்லாம் அவர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி உரிமையில் பெண்கள் பெயரில் இருந்தது ஏறத்தாழ 14 சதவீதம்.

இந்த இடைவெளி காகிதத்தோடு நிற்பதில்லை. வருடம் 6,000 ரூபாய் தருகிற பிரதமரின் விவசாயி உதவித்தொகை நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பயிர்க்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கம் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறது. வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணமும் பட்டாவைப் பார்த்து வருகிறது. சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து ஈடில்லாமல் கடன் வாங்கலாம். பசு வாங்க, தையல் எந்திரம் வாங்க அது உதவும். அதற்கு மேல் ஒரு தொழில் என்று போனால் வங்கி மேலாளர் முதலில் கேட்பது, "உங்க பேர்ல சொத்து ஏதாவது இருக்காம்மா?"

இன்னொரு கணக்கு என்னை அதிகம் உலுக்கியது. பொருளியலாளர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மணமான பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. தன் பெயரில் நிலமோ வீடோ எதுவும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் 18 சதவீதம். வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10. இரண்டும் வைத்திருந்தவர்களில் 7. போக ஓர் இடம் இருக்கிறவளை அடிக்கக் கை அவ்வளவு எளிதில் ஓங்குவதில்லை. அண்ணன் வீட்டுத் திண்ணையை நம்பிப் பங்கை விட்டுக்கொடுக்கிறாளே, அந்தப் பங்கே அவளுக்குத் திண்ணையாக இருந்திருக்கும்.

அப்பாவுக்கே நிலம் இல்லையென்றால்?

இதுவரை பேசியதெல்லாம் பிரிக்கச் சொத்து இருக்கிற வீடுகளைப் பற்றி. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்த தலித் குடும்பத்தின் மகளுக்கு வினீதா சர்மா தீர்ப்பால் என்ன பயன்? பூஜ்ஜியத்தில் சமபங்கும் பூஜ்ஜியம்தான்.

அந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அவரும் கணவர் ஜெகந்நாதனும் கீழத் தஞ்சைக்கு வந்து தங்கிவிட்டார்கள். 1981இல் லாஃப்டி என்கிற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களோடு உட்கார்ந்து பேசி, கடன் திரட்டி, நிலத்தை விலைக்கே வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரங்களில் இருந்தது பெண்களின் பெயர். ஆண் பெயரில் இருந்தால் சாராயக் கடைக்கும் அடகுக்கும் போகும், பெண் பெயரில் இருந்தால் பிள்ளைகளின் சோற்றுக்குப் போகும் என்பது அவர்கள் ஊர் ஊராக நடந்து கற்றது. 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது அவர்களுக்கு வந்தது.

அரசும் மெதுவாக அந்தத் திசையில் நகர்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி அல்லது 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிற நன்னிலம் திட்டத்தை அரசுக் கழகமான தாட்கோ நடத்துகிறது. முத்திரைத் தீர்வையும் கிடையாது. 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான வீடு, மனை, விளைநிலத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைக்கப்பட்டிருக்கிறது. நல்ல காரியங்கள். வாங்கும்போது பெண் பெயரில் வாங்கத் தூண்டுகிறார்கள். ஏற்கெனவே அவள் பெயரில் இருக்க வேண்டியது கைநழுவிப் போகும்போது எவரும் தடுப்பதில்லை என்பதுதான் குறை.

மற்ற மதங்களிலும் இதே கதையின் வேறு வடிவங்கள்தான். இஸ்லாமியச் சட்டத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. அந்த ஒன்றையும் வாங்காமல் வருகிற பெண்கள் நிறைய. கிறிஸ்தவர்களில் பழைய திருவிதாங்கூர் பகுதிக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது: மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது மகளுக்கு. மேரி ராய் சொந்த அண்ணனை எதிர்த்து வழக்காடி 1986இல் உச்ச நீதிமன்றத்தில் அதை முடிவுக்குக் கொண்டுவந்தார். திருவிதாங்கூரோடு இருந்து 1956இல் தமிழகத்துக்கு வந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தியது. பழங்குடிப் பெண்களை இந்து வாரிசுரிமைச் சட்டம் இன்றும் வெளியே வைத்திருக்கிறது. ஆணுக்கு மட்டும் என்கிற வழக்கம் இருப்பதாக நிரூபிக்காத நிலையில் அவர்களுக்குப் பங்கை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது ஒரு தொடக்கம்.

வழக்குப் போட்டால்…

துணிந்து வழக்குக்குப் போகிற பெண்ணுக்கு என்ன காத்திருக்கிறது? பாகப்பிரிவினை வழக்கில் முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு ஆணையர் வந்து நிலத்தை அளந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று இறுதித் தீர்ப்பாணை. அதன் பிறகு அதை நிறைவேற்றக் கேட்டு இன்னொரு மனு. ஒவ்வொரு படியிலும் மேல்முறையீடு. ஐம்பது வயதில் வழக்குப் போட்டவள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புக்கு வருகிறாள்.

நீதிமன்றக் கட்டணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால், பாகம் கேட்கிறவள் ஒரு நிலையான கட்டணம் கட்டினால் போதும். அவள் அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவள் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டும். உடனே அண்ணன் தரப்பு எதிருரையில் எழுதும்: "வாதி திருமணமாகி முப்பது வருடமாக இந்த நிலத்தில் காலே வைக்கவில்லை." கட்டிக்கொடுத்து அனுப்பியதையே அவளுக்கு எதிரான சாட்சியமாக நிறுத்துகிற வாதம் இது. நகரத்தை ஒட்டிய நிலமாக இருந்தால் அந்த 3 சதவீதமே லட்சங்களில் போகும். பெண் வாரிசு தொடுக்கும் பாக வழக்குகளுக்கு இந்தக் கட்டணத்தை அரசு முழுவதுமாக நீக்கலாம். பெரிய இழப்பு எதுவும் கருவூலத்துக்கு வராது.

சார்பதிவாளர் மேசையிலும் சின்ன மாற்றம் பெரிய வேலை செய்யும். சகோதரிகள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களில், விட்டுக்கொடுக்கும் பாகத்தின் வழிகாட்டி மதிப்பை எண்ணாலும் எழுத்தாலும் போட வேண்டும். பதிவதற்கு முன் அவளைத் தனியே உட்கார வைத்து, அந்தத் தொகையை வாய்விட்டுப் படித்துக் காட்டி, "இதை விட்டுக்கொடுக்க உங்களுக்குச் சம்மதமா, யோசிக்க நாள் வேண்டுமா?" என்று ஒரு பெண் ஊழியர் கேட்க வேண்டும். இருபத்தி மூன்று லட்சம் ரூபாய் என்று காதில் விழுந்த பிறகும் அவள் மனமுவந்து கொடுத்தால், அது அவள் விருப்பம். பலர் அந்தத் தொகையையே அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

சொத்து கைக்கு வந்த பெண்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளையில்லாத கைம்பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் தானே சம்பாதித்ததுகூட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். கல்யாணமான மூன்று மாதத்தில் கணவனைப் பறிகொடுத்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பையும் வருங்கால வைப்பு நிதியையும், அவளை விரட்டிய அந்தக் குடும்பத்துக்கே கொடுத்து 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். இந்தப் பிரிவைத் திருத்தும்படி சட்ட ஆணையம் 2008லேயே பரிந்துரைத்திருந்தது. திருத்தம் வரும்வரை ஒரே வழி உயில். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டாலே செல்லும்.

கையெழுத்துக் கேட்டு ஆள் வந்திருக்கிற வீடுகளில் இதைப் படிக்கிறவர்களுக்கு: அன்றைக்கே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணை வைத்து வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஏமாற்றியோ மிரட்டியோ ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால், அது தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும்; அதற்குப் பிறகு கடினம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வட்ட அளவில் அதன் குழுக்களும் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் என்றாலே போதும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல், பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போனால் முதல் நாளே மனு எழுதிவிடலாம்.